மொட்டை மாடியிலிருந்து இறங்கிய பக்கி

என் ஜெசிக்கு,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக நகம் வெட்டினேன். சனிக்கிழமை நகம் வெட்டினால் வீட்டுக்கு ஆகாது என்று அம்மா சொல்வாள். அதைக் கேட்டதிலிருந்து நீ வேண்டுமென்றே சனிக்கிழமைகளில் அவள் எதிரில் உட்கார்ந்து நகம் வெட்டுவாயே, ஞாபகமிருக்கிறதா? இன்றைக்கு ஒட்ட வெட்டியிருக்கிறேன். துருவைத் தேய்க்கிற வேலை. நகக்கண்ணில் ஏறினால் ஒரு வாரம் ஆனாலும் போகாது.

என்ன துரு என்றுதானே கேட்கிறாய்? நாம் பக்கி வாங்கிவிட்டோம் ஜெசி.

முழு வண்டி இல்லை, ஃபிரேம் மட்டும்தான். கூரை, கதவு எதுவும் இல்லாமல் மண்பாதையில் துள்ளிக்கொண்டு ஓடுமே, அந்த வண்டியின் இரும்புக் குழாய்க் கூடு. இப்போதெல்லாம் குழாய்களை அளவாக வெட்டி வளைத்து ஒரே கட்டாக விற்கிறார்கள். வாங்குகிறவர் வீட்டிலேயே வெல்டிங் வைத்து, இன்ஜினையும் சக்கரங்களையும் தேடிப் பிடித்துப் பொருத்திக்கொள்ள வேண்டும். பல்லடத்தில் ஒருவர் கூட்டை மட்டும் கட்டிவிட்டு அப்படியே விட்டுவிட்டார். அதை விற்கும் விளம்பரத்தைப் போனில் பார்த்த அன்று ஆபீஸில் எனக்கு வேலையே ஓடவில்லை.

'நாம் வாங்கிவிட்டோம்' என்று எழுதியிருக்கிறேன், பார். திருத்த மனசு வரவில்லை.

காந்திபுரத்தில் பழைய புத்தகக் கடையில் கிடைத்த அந்த வெளிநாட்டுப் பத்திரிகையை நீ எத்தனை வருடம் வைத்திருந்தாய்? அட்டையில்லாத பத்திரிகை. நடுப்பக்கத்தில் மணலில் பறக்கும் ஒரு பக்கி. மெக்கானிக்கல் வகுப்பில் நாம் இரண்டே பேர் பெண்கள். பீளமேட்டுக் காலேஜிலிருந்து டவுன் பஸ்ஸில் திரும்பும்போதெல்லாம் அந்தப் பக்கத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, குழாயின் தடிமன் என்ன இருக்கும், வளைவு எத்தனை டிகிரி இருக்கும் என்று சண்டை போடுவோம். கண்டக்டர் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க அம்மணி, இதுக்கு டிக்கெட் வாங்கிட்டீங்களா?" என்றார். நீ சிரித்த சிரிப்பில் உன் ஸ்கேல் ஜன்னல் வழியாக விழுந்துவிட்டது.

பிறகு உன் வீட்டு ஹாலில் சாக்பீஸால் முழு அளவில் வரைந்தோம். நீ கோட்டுக்குள் உட்கார்ந்து சாப்பாட்டுத் தட்டை ஸ்டியரிங்காகப் பிடித்துக்கொண்டாய். பக்கத்துக் கட்டத்தில் நான். "முட்டி இடிக்குதுடி, இன்னும் ரெண்டு இஞ்ச் வேணும்" என்று நீ சொன்னபோது உன் அம்மா வாளியும் துணியுமாக வந்து நின்றார். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஜெபக்கூட்டம். "வண்டிய எடுக்கறீங்களா, நானே தொடச்சுப் போடட்டுமா?" என்று கேட்டார். உன் அப்பா செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல், "ரிவர்ஸ்ல எடுங்க, பின்னாடி சோபா இருக்குது" என்றார்.

அந்த வண்டி ஈரத்துணியில் போயிற்று. அதன் பிறகு உனக்குக் கல்யாணம், எனக்கு பம்ப் கம்பெனி வேலை, உனக்கு நான்சி, எனக்கு இந்த ஃபிளாட். பார்க்கும்போதெல்லாம் "அடுத்த வருசம் ஆரம்பிச்சுடலாம்" என்போம். ஆஸ்பத்திரியில்கூட நீ அதைச் சொன்னாய். நான் சரி என்றேன். வேறென்ன சொல்லியிருப்பேன்?

பல்லடத்துக்கு உன் வீட்டுக்காரர் அருள்தான் சின்ன யானை லோடு வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தார். ஃபிரேமை ஏற்றி வர வண்டி வேண்டும், வைக்க இடம் வேண்டும். என் ஃபிளாட்டில் ஸ்கூட்டர் நிறுத்தவே செக்ரட்டரியிடம் தலையைச் சொறிய வேண்டியிருக்கிறது. சூலூரில் உங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஷெட் காலியாகத்தானே கிடக்கிறது என்று கேட்டேன். "இதையெல்லாமாங்க கேப்பாங்க" என்றார்.

விற்பவர் தறிக்காரர். "ஒரு குத்தம் சொல்ல முடியாதுங்க, வந்து பாருங்க" என்று போனில் சொன்னவர், அது எங்கே இருக்கிறது என்று மட்டும் சொல்லவில்லை. போய் இறங்கியதும் மாடிப்படியைக் காட்டினார். மொட்டை மாடியில் நட்டநடுவே நின்றது நம் பக்கி. மேல் குழாயில் இரண்டு சேலைகள். சீட் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைத் துணி விரித்து வடகம்.

"கீழ பூரா தறிங்க. எடமில்லைன்னு மேல வெச்சுக் கட்டிப்போட்டேன். கடைசி வெல்டு வெச்சு, நானும் மச்சானும் தூக்கிட்டுப் படிக்கிட்ட வந்தமுங்க. அப்பத்தான் தெரிஞ்சுது."

"என்னங்க தெரிஞ்சுது?"

"படி சின்னதுங்க."

அவர் மனைவி பின்னாலேயே ஏறி வந்திருந்தார். "பாவுல ஒரு இழை அறுந்தா இந்த மூலைல இருந்தே தெரியும் இவருக்கு. நெதமும் ஏறி எறங்கற படி மட்டும் கண்ணுக்குத் தெரியல. என்ற வடகம் எத்தன வருசமா இதுல காயுது, கேளுங்க அம்மணி."

"அதான் குடுக்கறமில்ல?"

"குடுங்க. குடுத்துப்போட்டு மொதல்ல எனக்குக் கொடிக்கம்பி கட்டற வழியப் பாருங்க."

நீ இருந்திருந்தால் அந்த அம்மாவோடு சேர்ந்துகொண்டு அவரை ஒரு வழி பண்ணியிருப்பாய்.

நான் டேப்பை எடுத்தேன். மறுமுனையை அருள் பிடித்துக்கொண்டார். மூலைக்கு மூலை குறுக்காக ஒரு முறை, மற்ற இரண்டு மூலைகளுக்கு ஒரு முறை. இரண்டும் ஒன்றாக வராவிட்டால் கூடு முறுக்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே ஓடும். மாடித்தரை மழைத்தண்ணீர் வடியச் சாய்வாகத்தான் இருக்கும், அதனால் எனக்கு நம்பிக்கையே இல்லை. ஆனால் அளவு இம்மி பிசகாமல் வந்தது. தறியை நிறுத்தும்போது அடியில் ஆப்பு வைத்து மட்டம் பார்ப்பார்களாம், அதே மாதிரி ஃபிரேமுக்கும் அடியில் ஆப்பு வைத்துப் பார்த்துத்தான் பற்றவைத்திருக்கிறார். படியை அளக்காத மனிதர்!

இறக்குவதற்குத் தறிகளை நிறுத்தினார்கள். அதுவரை கத்திப் பேசிக்கொண்டிருந்தோம், திடீரென்று காது அடைத்துக்கொண்ட மாதிரி ஆயிற்று. தறி ஓட்டுகிற ஆட்கள் மேலே ஏறி, நூல் உருளைகளைத் தூக்கி இறக்கும் கயிற்றை நாலு மூலையிலும் கட்டினார்கள். கைப்பிடிச் சுவரைத் தாண்டி, சாக்குகள் மேல் உரசி, ஆடி ஆடி இறங்கியது.

"மெதுவா, மெதுவா! தலைப் பிரசவத்துக்குப் புள்ளையக் கூட்டிட்டு வர்ற மாதிரி எறக்குடா!"

"நீ கயித்தப் புடி மாப்ள, வாய அப்பறம் புடிக்கலாம்."

அது தரையைத் தொட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. வெயில் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

கிளம்பும்போது அந்த அம்மா காபி கொடுத்தார். "ஊட்டுக்காரரும் நீங்களும் சேந்தே ஓட்டப் போறீங்களாக்கும்? குடுத்து வெச்சவங்க போங்க" என்றார். அப்படியில்லை என்று அருள் சொல்லுவார் என்று பார்த்தேன். அவர் டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் குடித்தேன். திரும்பி வரும் வழியெல்லாம், கயிறு தளர்ந்திருக்கிறதா என்று வண்டியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்.

அதிலிருந்து சனி, ஞாயிறு இரண்டு நாளும் உன் வீட்டு ஷெட்டில்தான் இருக்கிறேன். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? பக்கிக்கு அவ்வளவு அவசரம் ஒன்றுமில்லை. நீ போன பிறகு அந்த வீட்டுக் கேட்டைத் திறக்க எனக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. முன்பு காரணமே தேவைப்படவில்லை. செருப்பைக் கழற்றும்போதே "சாப்பிட்டியாடி?" என்று குரல் வரும். இப்போது வாசலில் நின்று "அருள், இருக்கீங்களா?" என்று கேட்க வேண்டியிருக்கிறது. அப்படிக் கேட்கும்போது எதிர்வீட்டு ஜன்னல் திறக்கிறது.

போன ஞாயிறு உன் நாத்தனார் ரோஸி அக்கா சர்ச்சில் பூசை முடிந்து நேராக வந்தார். கையில் கோழிக்குழம்புத் தூக்கு. ஷெட் வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

"ஏன் கோமதி, இதுக்குப் பேரு என்ன?"

"பக்கிங்க அக்கா."

"எங்கூட்ல ஏற்கெனவே ஒரு பக்கி இருக்குது, குழம்புத் தூக்கையே பாத்துட்டு நிக்குது பாரு" என்று தம்பியைக் காட்டினார். எல்லோரும் சிரித்தோம். சிரிப்பு அடங்குவதற்குள் சொல்லிவிட்டார். "எத்தன நாளைக்கு கண்ணு இப்படி விருந்தாளியாட்டம் வந்துட்டுப் போவே? இந்த ஷெட்ட குடோனுக்குக் கேக்கறாங்க. கோயில்ல நாலு பேரு நாலு விதமாக் கேக்கறாங்க. பேசாம ஊட்டு ஆளா ஆயிட்டீன்னா ஒருத்தரும் ஒண்ணும் கேக்கப் போறதில்ல. ஜெசி இருந்தா அவளே சொல்லியிருப்பா."

அவர் தப்பாகச் சொல்லவில்லை. தம்பி தனியாகச் சாப்பிடுகிறானே என்ற கவலைதான். ஆனால் உன் பெயரைச் சொன்னதும் என் கையிலிருந்த கம்பி பிரஷ் அப்படியே நின்றுவிட்டது.

அன்று பஸ் ஸ்டாப் வரை அருள் கூடவே நடந்து வந்தார். "அக்கா சொன்னத மனசுல வெச்சுக்காதீங்க" என்றார். பஸ் வருவதைப் பார்த்த பிறகுதான், "வெச்சுக்கிட்டாலும் தப்பில்லீங்க" என்றார்.

அந்தக் குரலை உனக்குத் தெரியும். உன்னைப் பெண் பார்க்க வந்தபோதும் வாசல் வரை போய்விட்டுத்தான் பேசினார் என்று சொல்லியிருக்கிறாய்.

ஒரு வாரமாக யோசித்தேன் ஜெசி. யோசிக்கவே இல்லை என்று சொன்னால் பொய். நல்ல மனிதர். அவர் தட்டு வைக்கிற சத்தம்கூட அந்த வீட்டில் தனியாகக் கேட்கிறது. சரி என்றால் ஷெட் இருக்கும், கேட் இருக்கும், ஜன்னல்கள் மூடிக்கொள்ளும். வேண்டாம் என்றால்? அவர் முகத்தை எப்படிப் பார்ப்பேன்? அவருக்கும் நான் வருவது சங்கடமாகிவிட்டால்? சென்னையிலிருந்து ராத்திரி ஆனால் கூப்பிட்டு, "பெரியம்மா, பக்கி போட்டோ அனுப்புங்க" என்கிறாளே நான்சி, அவள் என்ன நினைப்பாள்? நீ இருந்தால் எதற்குக் கோபப்பட்டிருப்பாய், சரி என்பதற்கா, வேண்டாம் என்பதற்கா?

நேற்று ஆபீஸிலிருந்து வந்து என் ஃபிளாட் கதவைத் திறந்தேன். விளக்கைப் போட்டேன். ஒரு நாற்காலி, ஒரு டம்ளர், நான் விட்டுவிட்டுப் போன இடத்திலேயே என் கண்ணாடி. இது எனக்குப் பிடித்திருக்கிறது. வேறு யாரும் கிடைக்காததால் நான் இப்படி இருக்கவில்லை. இது உனக்கு மட்டும் எப்போதும் தெரிந்திருந்தது. நீ ஒரு நாளும் எனக்கு மாப்பிள்ளை பார்த்ததில்லை.

அதனால் வேண்டாம் என்று சொல்லப் போகிறேன். ரோஸி அக்காவிடம் சொல்லி அனுப்பாமல் அவரிடம் நேராகவே, இன்று, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால். சொன்ன பிறகும் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பேன். ஷெட்டைக் குடோனுக்கு விட்டாலும் விடட்டும். வேறு இடம் பிடித்து ஃபிரேமைக் கொண்டுபோய் வைத்துக்கொள்வேன். அடுத்த சனிக்கிழமையும் உன் வீட்டுக்கு வருவேன். பக்கியைச் சாக்காக வைத்துக்கொள்ள மாட்டேன். சும்மா வருவேன். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தால், சாப்பிட்டீங்களா என்று நானே கேட்பேன்.

அம்மாவிடம்கூட இதை இன்னும் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்கு அனுப்பப் போகிறேன், அது அச்சாகி வருவதற்குள் அருளுக்குத் தெரிந்திருக்கும். இந்த நிமிடம் உனக்கு மட்டும்தான் தெரியும். வாரேன் ஜெசி. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

உன் மகளுக்கு என்றும் பெரியம்மாவான
கோமதி