அரிசி டிரம்முக்குள் பிளாப்பி

8.7.89

என்னங்க,

ஆலங்குளத்துக்கு, அக்கா வீட்டுக்குக் கிளம்பிட்டேன். சாவி பக்கத்து வீட்டில் இருக்கு.

அந்தப் பழைய கம்ப்யூட்டருக்குப் புது ஹார்ட் டிஸ்க்கை மாட்டிட்டு, "ஏட்டி, டாஸ் பிளாப்பிய எங்கன தொலைச்சே?"ன்னு தெருவே கேட்க ஏசிட்டு, ஐந்தருவிக்குக் குளிக்கப் போயிட்டீங்க. உலையில் போட அரிசி அள்ளினா கையோட பிளாப்பி வருது! சாரல் ஈரம் ஏறக்கூடாதுன்னு அரிசி டிரம்முக்குள்ள புதைச்சது யாரு, நானா?

தவிட்டைத் துடைச்சு, கம்ப்யூட்டர் புத்தகத்தைப் பார்த்து, அதை ஓட வைக்கிற டாஸை நானே புது டிஸ்க்கில் ஏத்திட்டேன். சோறு வடிச்சாச்சு. குழம்பு நீங்களே வச்சுக்கோங்க.

குழல்வாய்மொழி

பி.கு.: கம்ப்யூட்டரை அணைக்கலை. திரையில் ஒரு சின்னக் கோடு மினுக்கிக்கிட்டே, நான் அடுத்து என்ன சொல்லப்போறேன்னு காத்துக்கிட்டிருக்கு. நான் சொல்லுததைக் கேட்க இந்த வீட்டில் அதுவாவது இருக்கே.