நான் போட்ட இரண்டாவது கரண்டி

வாலஸ்,

சர்ச்சில் பூ வைக்கப் போகிறேன். மேசையில் லாமிங்டன் கேக் இருக்கிறது. நீ இரண்டு சாப்பிடு. மற்றது கெவ்வுக்கு. ஆமாம், பக்கத்து வீட்டு கெவ்தான். மூன்று மணிக்கு வரச் சொல்லியிருக்கிறேன். முகத்தைத் திருப்பிக்கொள்ளாதே.

நீ காய்ச்சிய பியர் பதினெட்டு பாட்டில் வெடித்தது அவன் கொடுத்த பழைய பாட்டில்களால் இல்லை. மூடி போடும் முன் நீ ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி சர்க்கரை போட்டிருந்தாய். நீ போன் பேசப் போனபோது, மறந்துவிட்டாயோ என்று நானும் ஒவ்வொரு கரண்டி போட்டேன். உதவியாக இருக்கட்டும் என்று குவித்தே போட்டேன். அந்த இரட்டைச் சர்க்கரை உள்ளே புளித்து, வாயு பெருகித்தான் வெடித்தது.

"ஓசிப் பாட்டிலைக் கொடுத்து என்னைக் கெடுத்துட்டியேடா" என்று டூவூம்பா ஊர் முழுக்கக் கேட்கும்படி கத்தினாய். "காசு கொடுத்து வாங்கினா கை உதிர்ந்துடுமா, கஞ்சப்பயலே" என்றான் அவனும். நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். மூன்று வாரமாக ஆண்டவரிடம் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் உன்னிடம் வந்து சொல்வதாகத் தெரியவில்லை.

நொரீன்

மிச்சப் பாட்டில்களைப் போர்வையால் மூடியிருக்கிறேன். தொடாதே.

இன்னொன்று. கெவ்விடம் நேற்றே உண்மையைச் சொல்லிவிட்டேன். "பாட்டில்ல விரிசல் இருந்துச்சுன்னு நானே சொல்லிடறேன் நொரீன், நீங்க எதுக்குத் திட்டு வாங்கணும்" என்றான். அதற்காகத்தான் வருகிறான். அவன் வாயைத் திறக்கும் முன் நீ மன்னிப்புக் கேட்டுவிடு. பாவம், எனக்காக அவன் பொய் சொல்ல வேண்டாம்.