சாம்பிள் கால்

மார்ச் 6

என் அன்பு வாத்துக்கு,

அக்கா எழுதுவது. வலது காலைத் தவிர மற்றபடி நான் நலம். நீயும் உன் அகலப் பாதங்களும் சுகம்தானே? முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல் படி, விஷயம் இருக்கிறது.

கம்பெனியில் என் வேலை உனக்குத் தெரியும். புது டிசைனில் எந்த ஷூ வந்தாலும் முதலில் என் காலில்தான் ஏறும். ஐந்தாம் நம்பர் என்றால் என் கால், என் கால் என்றால் ஐந்தாம் நம்பர். நான் தலையாட்டினால்தான் கட்டிங் மாஸ்டர் மொத்தமாக லாட் போடச் சொல்வார். தைக்கிற பெண்கள் மிஷினில் முதுகு ஒடியக் கிடக்க, நான் ராணி மாதிரி நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அந்த நாற்காலிக்குத்தான் இப்போது ஆபத்து.

பெருவிரலுக்கு அடியில், பாதத்தின் ஓரமாக, எலும்பு புடைத்துக்கொண்டு நிற்கிறது. பெருவிரல் பக்கத்து விரல்மேல் சாய்கிறது. போர்வை பட்டால்கூட உயிர் போகிறது. மாஸ்டருக்குத் தெரிந்தால் அன்றைக்கே என் சீட்டைக் கிழித்துவிடுவார். போனில் சொல்லலாம் என்றால், அறையில் இருக்கிற மூன்று பேரும் கம்பெனிக்காரிகள். அதனால்தான் கடிதம்.

நீ வேலை பார்க்கும் கிளினிக்கின் கால் டாக்டர் சனிக்கிழமைதோறும் எங்கள் ஊர் கிளினிக்குக்கு வருகிறாராமே. இந்தப் பக்கத்தில் அவரை விட்டால் கால் பார்க்க ஆள் கிடையாது. மற்ற டாக்டர்கள் வலி மாத்திரை எழுதி அனுப்பிவிடுகிறார்கள். டோக்கன் போடுவது நீதானே? எனக்கு ஒன்று போட்டு வை. உன் காலைப் போலவே மனசும் அகலமாக இருக்கும் என்று நம்புகிறேன்.

உன் அழகுக்கால் அக்கா

பி.கு. இந்த வாரம் சாம்பிள் ரொம்பக் கடித்தது. காலைப் பற்றி மூச்சு விடவில்லை. "ஓரத்துல இறுக்குது மாஸ்டர், கொஞ்சம் இளக்கச் சொல்லுங்க" என்றேன். "உன் கால் சொன்னா சரிதாம்மா" என்று ஷூவுக்கு வடிவம் கொடுக்கிற கால் அச்சையே மாற்றிவிட்டார். எப்படி என் சாமர்த்தியம்?


மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. வாத்து நலம்.

பயப்படாதே. உனக்கு வந்திருப்பதற்குப் பெயர் பனியன். உள்ளே போடுகிற பனியன் இல்லை, எங்கள் டாக்டர் சொல்லும் பனியன். புதிதாக எலும்பு எதுவும் முளைக்கவில்லை. பெருவிரல் உள்ளே சாயச் சாய அதன் மூட்டு வெளியே தள்ளிக்கொண்டு வருகிறது, அவ்வளவுதான். கால் வாகு சில குடும்பங்களில் அப்படி வரும் என்று டாக்டர் சொல்லிச் சொல்லி எனக்கே மனப்பாடம்.

ஆனால் உங்கள் ஊர் டோக்கன் நிரம்பி வழிகிறது. அக்கா என்று உன்னை இடையில் சொருகினால் என் வேலை போய்விடும். கொஞ்சம் பொறுத்துக்கொள். வழக்கம்போல வேலைக்குப் போ. கால் பழகிவிடும்.

என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால், "இவளுக்குச் செருப்பு வேணும்னா படகு கட்டுற இடத்துலதான் சொல்லணும்" என்றாயே, நேற்று அது ஞாபகம் வந்தது. அவர்கள் எவ்வளவு சிரித்தார்கள்!

அன்புடன்,
தங்கை


மே 2

அடியே,

அன்பும் இல்லை, நலமும் இல்லை.

டோக்கன் நிரம்பி வழிகிறது என்று எழுதினாயே, போன சனிக்கிழமை நொண்டிக்கொண்டு நானே போனேன். பெஞ்சு காலி. டாக்டர் உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "ஒரு நிமிஷம் உள்ள விடும்மா" என்று நர்ஸிடம் கெஞ்சினேன். "உங்க பேருக்கு டோக்கன் தரக் கூடாதுன்னு மெயின் கிளினிக்ல இருந்து சொல்லியிருக்காங்களே, ஏதாவது தகராறா?" என்று கேட்டாள். அங்கே உட்கார்ந்திருப்பது நீ.

அதோடு போயிற்றா? மாஸ்டர் இளக்கிய லாட் கடைகளுக்குப் போன வேகத்தில் திரும்பி வந்துவிட்டது. நடந்தால் கழன்று விழுகிறதாம். மாஸ்டர் என்னை வெறுங்காலோடு மேஜைமேல் ஏறி நிற்கச் சொன்னார். பழைய அச்சைக் கொண்டுவந்து என் காலுக்குப் பக்கத்தில் வைத்தார். "அச்சு சரியாத்தான் இருந்திருக்கு. கால்தான் கெட்டுப்போச்சு" என்றார். தைக்கிற பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். இத்தனை வருஷம் அவர்கள் எதிரில் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்தவள் இல்லையா, ஆசை தீரச் சிரித்தார்கள். இப்போது என்னைப் பேக்கிங்கில் போட்டிருக்கிறார்கள். நாள் பூராவும் நின்றே வேலை. அழுகை வந்தால் அட்டைப்பெட்டிக்குள் குனிந்துகொள்கிறேன்.

படகு என்று சொன்னது விளையாட்டுடி. அதற்கா இவ்வளவு? கூடப்பிறந்தவள் என்ற நினைப்பிருந்தால் டோக்கன் கொடு. உன் காலில் விழச் சொன்னால் விழுகிறேன். விழுவதற்கு அங்கே இடத்துக்கா பஞ்சம்?

அக்கா


மே 20

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படிக்கும்போது மனசு இளகிவிட்டது. உனக்கு டோக்கன் எழுதப் பேனாவைக் கையில் எடுத்துவிட்டேன். கடைசி வரியைப் படித்ததும் மூடி வைத்துவிட்டேன். கெஞ்சும்போதுகூட உன்னால் சும்மா இருக்க முடியவில்லை.

ஆமாம், தரக் கூடாது என்று சொன்னது நான்தான். இன்னொன்றும் தெரிந்துகொள். பனியன் என்று யார் வந்தாலும் டாக்டர் முதலில் சொல்வது, "அந்தக் கூர்முனை ஷூவைத் தூக்கிப் போடுங்க. விரல் பக்கம் அகலமா இருக்கறதைப் போடுங்க." புடைப்பு மறையாது, ஆனால் வலி அடங்கும், மேலும் சாய்வதும் குறையலாம். மார்ச்சிலேயே இதை எழுதியிருக்கலாம். வேண்டுமென்றேதான் எழுதவில்லை. அந்த மாப்பிள்ளையை எனக்குப் பிடித்திருந்தது அக்கா. அது உனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னாய்.

திரும்பி வந்த லாட்டை எங்கள் டாக்டர் மொத்தமாக வாங்கிவிட்டார். பனியன்காரர்களுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறதாம். அதைப் பார்த்துவிட்டு உங்கள் முதலாளி அகல ஷூவே தனியாகப் போடப்போகிறார். சாம்பிள் பார்க்க, அகலமான ஆனால் கெடாத கால் ஒன்று வேண்டும் என்று கிளினிக்கில் வந்து கேட்டார். மேஜைக்கு அடியிலிருந்து என் காலை எடுத்துக் காட்டினேன். ஜூன் ஒன்றாம் தேதி வேலையில் சேருகிறேன். உன் நாற்காலிதான்.

டோக்கன் இதோடு இருக்கிறது. வரும் சனிக்கிழமை, முதல் ஆள் நீ. அந்த லாட்டில் ஒரு ஜோடியும் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். உன் காலுக்கென்றே செய்ததுதானே, போட்டுக்கொள்.

தங்கை


ஜூன் 14

நாற்காலியில் இருப்பவளுக்கு,

நீ வேலையில் சேர்ந்த அன்று பேக்கிங் வழியாகத்தான் போனாய். நான் நிமிரவில்லை. உன் காலை மட்டும் பார்த்தேன்.

டாக்டர் பார்த்தார். எலும்பை வெட்டித்தான் விரலை நிமிர்த்த வேண்டுமாம். அதற்குப் பிறகு வாரக்கணக்கில் நிற்கக் கூடாதாம். நிற்காதவளுக்குப் பேக்கிங்கில் வேலை இல்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

உன் பார்சலைப் பிரிக்காமல் கட்டிலுக்கு அடியில் தள்ளியிருந்தேன். நேற்று வலி தாங்காமல் எடுத்துப் போட்டுக்கொண்டேன். சாயங்காலம் வரை நின்றேன்.

இனிமேல் எனக்குக் கடிதம் எழுதாதே. எதிரில் வந்தாலும் அக்கா என்று கூப்பிடாதே. எனக்குத் தங்கை இல்லை.

அந்த ஷூவில் கறுப்பு இருந்தால் இன்னொரு ஜோடி மட்டும் யாரிடமாவது கொடுத்தனுப்பு.

பேக்கிங் பிரிவு