பேந்து என்றொரு பாட்டு

மொன்றியல்
14.10.2007

அன்பு மகள் ஜெனிற்றாவுக்கு,

மாதா காவலில் நானும் அப்பாவும் நடமாட்டத்தோடு இருக்கிறோம், மெல்பேணில் நீயும் மருமகனும் பிள்ளையும் அப்படியே இருக்க மன்றாடுகிறேன். இங்கே குளிர் தொடங்கிவிட்டது, அப்பாவுக்குப் பழைய முழங்கால் வலிதான். றோசலின் சித்தி ஏன் கதைக்கிறாளில்லை என்று நீ போனில் கேட்டாய், அவள் பக்கத்தில் இருந்ததால் சொல்ல முடியவில்லை. நாங்கள் இங்கு வந்த புதிதில் சித்தி தைத்த தொழிற்சாலையில் பற்றிக் என்றொருவன் பெட்டி ஏற்றினான், பின்னேரங்களில் முடியை ஊதிப் பெருப்பித்து உதட்டுச்சாயம் பூசிக்கொண்டு மெட்டல் பாட்டுப் பாடுவான். கலியாணம் செய்வோமா என்று அவன் கேட்கும்போதெல்லாம் சித்தி பேந்து, பேந்து, பிறகு பார்ப்பம் என்று சிரித்திருக்கிறாள். கடைசியில் எங்கள் ஐயா பேசி முடித்த அரியரத்தினம் சித்தப்பாவைக் கட்டினாள். அடுத்த வருடம் பற்றிக்கின் பாட்டு ஊரெல்லாம் ஒலித்தது, பெயர் ‘பேந்து’. அவன் ஆங்கில எழுத்தில் எழுதின அந்தப் பெயரைப் பிரெஞ்சில் வாசித்தால் தூக்கில் தொங்கியவன் என்று வருமாம், எல்லோரும் அப்படியே நினைத்தார்கள்.

இந்த ஆனியில் றேடியோவில் அவனிடம் பெயரின் அர்த்தம் கேட்டார்கள். தையல் மெசினில் இருந்த தமிழ்ப் பெட்டை சொன்ன சொல், அவளுக்கு இடது கன்னத்தில் தழும்பு என்று சொல்லிவிட்டான். சித்தப்பா டாக்சிக்குள் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் அடிக்கவுமில்லை ஏசவுமில்லை, சாப்பிடும்போதெல்லாம் அந்தப் பாட்டைப் போடுகிறார். தன் ஐம்பதாவது பிறந்தநாளில் மண்டபம் நிறையச் சனம் இருக்க மைக்கைப் பிடித்து, “றோசலின், உம்மட பாட்டு வருது, வந்து ஆடும்” என்றார். அவள் எழும்பிப் போய்ப் பாட்டு முடியும்வரை நடுவில் சும்மா நின்றாள். சனம் சிரித்தது, உன் அப்பாவும் சிரித்தார், அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

போன சனிக்கிழமை லவாலில் ஒரு கடைத்தொகுதியில் பற்றிக் பாட வந்தான். ஏன் தழும்பைச் சொன்னாய் என்று கேட்க வேணும் என்று சித்தி என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். பாட்டு முடியக் கையெழுத்து வாங்குகிற வரிசையில் நின்றோம். அவன் பொய்முடி வைத்திருந்தான். சித்தியின் முகத்தையும் கன்னத்தையும் நேரே பார்த்து, படத்தில் எழுதப் பெயர் என்ன என்றான். றோசலின் என்றாள். வடிவான பெயர் என்று எழுதிக்கொடுத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தான். மெட்ரோவில் அவள் அழவில்லை. “அக்கா, இவருக்குச் சொல்லிப்போடாதேங்கோ, அவன் மறந்திட்டான் எண்டு தெரிஞ்சா இன்னும் சிரிப்பார்” என்றாள். வீட்டு வாசலிலேயே பாட்டுக் கேட்டது, உள்ளே போய்க் கறியைச் சுட வைத்தாள்.

நீ மருமகனுக்குப் பழைய கதை எதுவும் சொல்லாதே, நல்லவர்தான் என்றாலும் சொல்லாதே. பிள்ளைக்குத் தலையில் எண்ணெய் வை. அந்தோனியார் உங்கள் மூவரையும் கைவிடாமல் பார்க்கட்டும். ஞாயிறு சித்திக்குப் போன் எடு, சமையலைப் பற்றி மட்டும் கதை.

இப்படிக்கு அம்மா,
மாக்கிரட்