அக்கா வீட்டு அடிபம்புத் தண்ணீர்

4-2-2009, புதன். சிதம்பரம்
காலையிலேயே வெயில். லேபுக்குப் புது பி12 வந்தது. ரத்தச் சிவப்பு. நடுவில் கோபால்ட் உள்ள இந்த வைட்டமின், நிலத்தடி நீரில் கலந்த குளோரின் விஷங்களை உடைக்குமா? அதற்குத்தான் மூன்று வருடப் பாடு. ஒப்பிட்டுப் பார்க்க நல்ல தண்ணீரும் வேண்டும் என்றார் என் ஆராய்ச்சி கைடு. மாலை கடலூர். அக்கா வீட்டு அடிபம்பில் இரண்டு பாட்டில். தெருவே குடிக்கும் தண்ணீர்.

"சிதம்பரத்துல தண்ணியே இல்லியாடி?" அக்காவுக்குச் சிரிப்பு. ஆறாம் மாதம். கால் வீக்கம்.

6-2, வெள்ளி
நல்ல தண்ணீரில் ட்ரைகுளோரோஎத்திலீன், நான் உடைக்கப் பார்க்கும் அதே குளோரின் விஷம். பாட்டில் அழுக்கோ? இரண்டாவதைத் திறந்தேன். அதேதான். போனில், "அந்தத் தண்ணிய குடிக்காதக்கா, சோறும் ஆக்காத." "ஏன்டி?" "ஞாயித்துக்கெழம வந்து சொல்றேன்."

8-2, ஞாயிறு. கடலூர்
மாமா படகு இன்ஜின் மெக்கானிக். வீட்டுக்குப் பின்னால் கொட்டகை. மூலையில் ஒரு கேன். லேபில் தினம் முகரும் அதே இனிப்பு வாசனை.

"இது என்னா மாமா?"

"கிரீஸ் கழுவுறது."

"கழுவினத எங்க ஊத்துறீங்க?"

"பின்னாடி குழியிலதான். மண்ணு இழுத்துக்கும்ல."

குழிக்கும் பம்புக்கும் பத்தடி இருக்காது. கல்யாணம் ஆன நாள் முதல் ஊற்றுகிறாராம். விஷயத்தைச் சொன்னேன். அக்கா வயிற்றில் கை வைத்தபடி கீழே உட்கார்ந்தாள். யாரும் சாப்பிடவில்லை.

11-2, புதன்
அக்கா வீட்டுத் தண்ணீரில் பி12, அதை வேலை செய்யவைக்க டைட்டானியம். சிவப்பு மாறிப் பழுப்பு. மாலைக்குள் ட்ரைகுளோரோஎத்திலீன் ஏறக்குறைய காலி! உடனே மாமாவுக்கு போன் போட்டு, விஷம் உடைகிறது என்றேன்.

"அப்போ அந்த வைட்டமின பம்புக்குள்ள ஊத்திடலாமா?"

போனை வைத்த பிறகுதான் ரிசல்ட்டை முழுசாகப் பார்த்தேன். மூன்று குளோரினில் இரண்டு கழன்று, ஒன்று அப்படியே நிற்கிறது. வினைல் குளோரைடு. முன்னதைவிட மோசமான விஷம். திரும்ப போன். "எதுவும் ஊத்தாதீங்க மாமா. அவசரப்பட்டுச் சொல்லிட்டேன்."

13-2, வெள்ளி
வினைல் குளோரைடு லேசாகத்தான் குறைகிறது. கடைசி குளோரினும் கழன்றால் வரும் விஷமில்லாத எத்திலீன் துளிதான். கைடு, "இன்னும் ஒரு வாரம் விட்டுப் பாரும்மா." தெருவுக்கு யார் சொல்வது? நானா? மாமாவைக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகுமே.

மதியம் அக்கா போன். மாமா பம்பைக் கழற்றிவிட்டாராம். காலையிலிருந்து வீடு வீடாகப் போகிறாராம்.

"என்னா சொல்றாரு?"

"என் கொட்டாயிலேர்ந்துதான் எறங்கியிருக்கு, என்னாலதான், குடிக்காதீங்கன்றாரு. ரெண்டு வீட்ல அடிக்க வந்துட்டாங்க. இன்னும் ஏழு வீடு இருக்குன்னு போயிட்டாருடி."