அத்தை நடந்துவிட்டாள், நைனா

என் தங்க நைனா,

அத்தை நடந்துவிட்டாள். உன் தங்கைதான். இன்று காலை, கட்டிலிலிருந்து கக்கூஸ் வரை, யார் கையையும் பிடிக்காமல். இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

உனக்கு வந்த அதே நோய் அவளுக்கும் வந்திருக்கிறது. நீ இருந்தவரை இந்த ஊரில் ஒருத்தரும் அதன் பெயரைச் சொல்லவில்லை. வீட்டு வாசலில் கால் ஒட்டிக்கொண்டு நிற்பாய், குடித்திருக்கிறான் என்றார்கள். படித் திருவிழா அன்று மலைக்கோயில் படியில் மடமடவென ஏறினாய். அப்படியானால் வீட்டில் நடிக்கிறான் என்றார்கள். சொன்னவர்கள் எல்லோரும் உன் காரியத்துக்கு வந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள்.

அத்தைக்கும் அதே பட்டம். அவள் மகன் முரளி பாவாவே, "உங்க நைனா மாதிரியே டிராமா போட்டுகினு இருக்குது" என்றார். கக்கூஸுக்குப் போக முடியாதே என்று பயந்து அவள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டாள். உதடெல்லாம் வெடித்துக் கிடந்தது. அதைப் பார்த்த பிறகுதான் ரயிலேற்றிச் சென்னைக்கு அழைத்துப் போனேன்.

நரம்பு டாக்டர் சொன்னதைக் கேட்டு எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. மூளைக்குள் டோபமைன் என்று ஒன்று சுரக்கிறதாம். யோசிக்காமலே நாம் நடப்பது அதனால்தானாம். அதைச் சுரக்கும் செல்கள் செத்துக்கொண்டே வந்தால், மனசு நட என்றாலும் கால் கிளம்பாது. ஆனால் கண்ணெதிரே படியோ கோடோ தெரிந்தால் மூளை வேறு வழியில் காலைத் தூக்கிவிடுமாம். நீ நடிக்கவில்லை, நைனா. பஜாரில் மைக் வைத்துக் கத்தலாம் போலிருந்தது.

மாத்திரை ஆரம்பித்தோம். தரையில் கோடு போடவும் சொல்லியிருந்தார். வீட்டில் இருந்தது கோலமாவுதான். கட்டிலிலிருந்து வரிசையாகக் குறுக்குக் கோடுகள் இழுத்தேன். அத்தை குனிந்து பார்த்துவிட்டுத் திட்டினாள். "கோலத்தைப் போயி மிதிக்கச் சொல்றியேடி, அறிவிருக்குதா?"

எல்லாம் போச்சு என்று நினைத்தேன். அவளோ, மிதித்துவிடக் கூடாதென்று காலை உயர்த்தி முதல் கோட்டைத் தாண்டினாள். அப்புறம் அடுத்தது. அப்புறம் அடுத்தது. பல் துலக்கிக்கொண்டிருந்த பாவா பிரஷ்ஷோடு வழியில் நின்றுவிட்டார். "இன்னாடா பாக்கற, வழி வுடு" என்றாள்.

மத்தியானம் பாவா கடைக்குப் போய் மஞ்சள் பெயிண்ட் வாங்கி வந்து, மாவு அழியுமுன் அதன் மேலேயே பட்டை பட்டையாக அடித்தார். உனக்கு ஏன் ஒருவரும் ஒரு கோடு போடவில்லை?

நோய் முழுசாகக் குணமாகாது என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அதனால் உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். மாத்திரை நேரம் தவறாமல் அவள் வாய்க்குப் போகும். அது என் பொறுப்பு. இனி இந்தத் தெருவில் எவராவது நடிப்பு என்று வாயெடுத்தால், அங்கேயே நிறுத்திவைத்து உன் கதையை முழுசாகச் சொல்லிவிட்டுத்தான் போக விடுவேன்.

உன் சின்ன மகள்,
கலை