எழுந்து நிற்காத பெண்

மார்ச் 2

என் வாயாடிக்கு,

நலமா? போன் செய்தால் அடுப்பில் பால் இருக்கிறது என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். நம் ஜவுளிக்கடைப் பெண்கள் சங்கத்துக்கு அடுத்த மாதம் நாற்பது வயது. உட்கார ஸ்டூல் கேட்டு வேலைநிறுத்தம் செய்தோம் என்றால் இப்போதைய பெண்கள் சிரிக்கிறார்கள். "அதுதான் எப்பவோ ஜெயிச்சாச்சே, இன்னும் எதுக்குச் சங்கம்?" என்கிறார்கள். முதலாளி கண்ணெதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "ஸ்டூல் வர்ற வரைக்கும் இப்படித்தான் துணி காட்டுவேன்" என்றவள் நீ. ஆண்டுவிழாக் கூட்டத்தில் நீதான் பேச வேண்டும்.

உன் நெட்டை

மார்ச் 9

அன்புள்ள நெட்டை,

மூட்டுவலி. மேடையெல்லாம் ஏற முடியாது. வேறு யாரையாவது பேசச் சொல்.

வாயாடி

மார்ச் 14

அடி வாயாடி,

மேடைக்குப் படியே கிடையாது. நோட்டீசில் உன் பெயர் அச்சாகிவிட்டது. நாலே வரியில் கடிதம் எழுதுகிற ஆளா நீ? என் மேல் ஏதாவது கோபமா?

உன் நெட்டை

மார்ச் 20

நெட்டை,

உன் மேல் கோபமில்லை. என் முகத்தைப் பார்க்க எனக்கே பிடிக்கவில்லை.

போன மாதம் மகனுக்குக் கல்யாணத் துணி எடுக்கப் போனோம். சம்பந்தியம்மாவும் வந்திருந்தார். விற்பனைப் பெண் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே துணியை எடுத்துப் போட்டாள். சம்பந்தி உதட்டைப் பிதுக்கினார். எனக்கு மானமே போனது போலாகிவிட்டது. மேலாளரைக் கூப்பிட்டு, "ஆள் வந்தா எழுந்து நிக்கக்கூடத் தெரியாதா இந்தப் பொண்ணுக்கு?" என்று கேட்டேன். நான்தான் கேட்டேன், நெட்டை. அவள் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். வீங்கிய காலில் செருப்பு வார் பதிந்திருந்தது. அதைப் பார்த்துவிட்டும் நான் துணியைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

போன வாரம், அளவு சரியில்லாத சட்டையை மாற்ற மறுபடி அங்கே போனேன். மூன்று மாடியிலும் ஒரு ஸ்டூல் இல்லை. ஸ்டூல்களைத் திருப்பிப் போடச் சொல்லி மேலாளரிடம் கெஞ்சினேன். "நீங்க சொன்னது சரிதாம்மா. முதலாளியே பாராட்டினாரு" என்று சிரித்தார். நாம் இரண்டு மாதம் வெயிலில் கிடந்து வாங்கியதை ஒரே பேச்சில் பிடுங்கிக் கொடுத்துவிட்டேன். அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். என்னைக் கண்டதும் கையைக் கட்டிக்கொண்டு விறைப்பாக நின்றாள். மன்னிப்புக் கேட்காமலே திரும்பிவிட்டேன். என் பெயரை அடித்துவிடு.

வாயாடி

மார்ச் 27

வாயாடி,

இரண்டு நாள் உன்னைத் திட்டித் தீர்த்தேன். பிறகு, "போகட்டும் விடு, வயசாகிவிட்டது" என்று எழுதினேன். அதையும் கிழித்துப் போட்டேன். பதினோரு வருடம் அப்படி வீங்கிய காலோடு கடையில் நின்றவள் நான். என்னால் விட முடியவில்லை.

நோட்டீஸ் அத்தனையிலும் உன் பெயரை என் கையாலேயே அடித்தேன். அழுதுகொண்டுதான் அடித்தேன். இன்னும் எதற்குச் சங்கம் என்று கேட்ட பெண்களுக்கு உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். ஒருத்தியும் சிரிக்கவில்லை. கூட்டத்தை அந்தக் கடை வாசலுக்கே மாற்றிவிட்டோம். ஏப்ரல் முதல் ஞாயிறு, மாலை நாலு மணி.

நீ வரலாம். ஆனால் முதலில் உள்ளே போய் அந்தப் பெண்ணிடம் பேசு. அவள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள். அதைச் செய்யாமல் என் பக்கத்தில் வந்து நிற்காதே.

நெட்டை